பேச்சு நின்றுபோன கூடப்பிறந்தவரோடு திருவிருந்துக்கு முன் ஒப்புரவாவது எப்படி

வேலூர், இராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் பக்கத்து சபைகளில் வெளியே தெரியாத ஒரு துக்கம் உண்டு. ஒரே ஆலயத்துக்கு வரும் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வரிசையில் உட்காருவார்கள். ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாசல் வழியாகப் போய்விடுவார்கள். அப்பா விட்டுப்போன வீடு, சீட்டுப் பணம், அம்மாவை யார் பார்த்துக்கொண்டது என்ற கணக்கு, சபைக் கமிட்டி தேர்தல் என்று காரணம் ஏதோ ஒன்று. அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறு வந்தால் ஒருவர் பந்திக்குப் போகாமல் பின்பக்கம் நின்றுவிடுவார், அல்லது இருவருமே ஒன்றும் நடக்காததுபோல வாங்கிக்கொள்வார்கள். இரண்டுமே வேதனைதான்.

தென்னிந்தியத் திருச்சபையின் ஆராதனை முறையை அமைத்தவர்கள் இதற்கு ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷனின் சபைகள் உட்பட, வெவ்வேறு மரபில் வந்த சபைகள் 1947 செப்டம்பர் 27-ல் ஒன்றாகின. அவற்றுக்காக 1950-ல் வந்த திருவிருந்து முறையில், காணிக்கை எடுப்பதற்கு முன்பே சமாதானம் கொடுக்கும் பகுதி வருகிறது. காரணம் மத்தேயு 5:23-24. காணிக்கையோடு வந்து நிற்கும்போது உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி" பிறகு வா என்கிறார் ஆண்டவர். அவனுக்கு உன்மேல் குறை என்று சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். யார் மேல் தப்பு அதிகம் என்று தீர்ப்பு வரும்வரை காத்திருக்க அந்த வசனம் இடமே கொடுக்கவில்லை.

திருவிருந்து ஞாயிறுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே வேலையை ஆரம்பியுங்கள். சனிக்கிழமை ஆயத்த ஆராதனையில் உட்கார்ந்து யோசித்துக்கொள்ளலாம் என்று தள்ளினால், மறுநாள் காலைக்குள் எதுவும் நடக்காது.

முதலில் உங்கள் கணக்கு

பெரும்பாலோர் எதிராளியின் தப்பிலிருந்து ஆரம்பிப்பார்கள். அங்கே ஆரம்பித்தால் மன்னிப்பு ஒரு பெருந்தன்மையாக மாறிவிடும். "நான் எவ்வளவு இறங்கி வந்தேன் பார்" என்ற நினைப்பு உள்ளே உட்கார்ந்துகொள்ளும், அந்த வாடை எதிரில் இருப்பவருக்கு உடனே அடித்துவிடும். ஒப்புரவு கெட்டுப்போகும் இடங்களில் பாதி இதுதான்.

மத்தேயு 18-ல் இயேசு சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த உவமையில் ஒரு ஊழியக்காரன் ராஜாவுக்குத் தரவேண்டியது பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் 2 லட்சம் வருஷம் உழைக்கவேண்டும். ராஜா அதை முழுவதும் தள்ளுபடி செய்தார். ஆனால் உடன்வேலைக்காரன் தனக்குத் தரவேண்டிய 100 வெள்ளிப்பணத்தை அவன் விடவில்லை. இதை அற்பத் தொகை என்று பிரசங்கத்தில் சொல்லிவிடுவது வழக்கம், ஆனால் அது அற்பமல்ல. தோல் தொழிற்சாலையில் நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்தால் 60,000 ரூபாய். ஒரு குடும்பத்தை ஆட்டிவைக்கும் பணம். உங்கள் தம்பி உங்களுக்குச் செய்தது சின்ன விஷயம் என்று ஆண்டவர் சொல்லவில்லை. அந்த 60,000-ஐ நெஞ்சில் வைத்திருக்கும் உங்களுக்கு 6 கோடி நாள் கூலி ஏற்கெனவே தள்ளுபடி ஆகியிருக்கிறது என்கிறார். கிருபை என்பது அந்தத் தள்ளுபடிதான். அதை வாங்கிக்கொள்ளாத கை மற்றவருக்குத் தள்ளுபடி எழுதாது.

செய்யவேண்டியது இது. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, வீட்டில் எல்லோரும் எழுந்திருப்பதற்கு முன் அரை மணி நேரம் உட்காருங்கள். சங்கீதம் 32-ஐ வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள். அதற்குப் பிறகு இந்தச் சண்டையில் உங்கள் பங்கை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம் இருக்கவேண்டும்: யாரிடம், என்ன செய்தேன், எவ்வளவு. "நானும் கொஞ்சம் கோபப்பட்டேன்" என்பது அறிக்கை ஆகாது. "அப்பா அடக்கத்தன்று உறவுக்காரர் முன்னால் தம்பியைத் திருடன் என்றேன்" என்பது அறிக்கை. "அம்மாவின் இரண்டு வளையலை எடுத்துக்கொண்டு தங்கச்சியிடம் சொல்லவில்லை" என்பது அறிக்கை. "எல்லாம் என் தப்புதான்" என்று மொத்தமாக எழுதுவது தாழ்மைபோலத் தெரியும், ஆனால் அதில் ஒன்றையும் ஒப்புக்கொள்ளாமல் தப்பித்துவிடலாம்.

எழுதியதை ஒவ்வொரு வரியாக ஆண்டவரிடம் சொல்லுங்கள். 1 யோவான் 1:9-ன் வாக்கு தெளிவானது: பாவங்களை அறிக்கையிட்டால் மன்னித்துச் சுத்திகரிக்க அவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்." அது உங்கள் அழுகையின் அளவைப் பொறுத்ததல்ல. கண்ணீர் வராதவர்களுக்கும் அதே வாக்குதான். மறுநாள் அதே குற்ற உணர்வு திரும்பி வந்தால், அதே பாவத்தை மறுபடி அறிக்கையிட உட்காராதீர்கள். "ஆண்டவரே, நேற்றே மன்னித்தீர், ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போங்கள். ஒரே பாவத்தைத் தினமும் அறிக்கையிடுகிறவர் நாளாக ஆகத் தன் அழுகையின்மேல் நம்பிக்கை வைக்க ஆரம்பித்துவிடுவார், கிருபையை மறந்துபோவார்.

கத்தோலிக்க சபையில் இருப்பவர்களுக்கு இந்த வழி பழக்கமானது. பாவங்களை நினைவுகூர்தல், மனஸ்தாபப்படுதல், இனிச் செய்வதில்லை என்று தீர்மானித்தல், குருவிடம் அறிக்கையிடுதல், அபராதம் தீர்த்தல் என்று ஐந்தாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போய்விட்டு, அதற்குப் பிறகு கூடப்பிறந்தவரைப் பார்க்கப் போகலாம்.

எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். பணம், நகை, நிலம் பற்றிய வரிகளை மட்டும் வேறு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவை பின்னால் வேண்டும்.

அடுத்து அவர் கணக்கு

இப்போது அவர் உங்களுக்குச் செய்தது. இதையும் எழுதவேண்டும். பெயர் சொல்லாத காயத்தை மன்னிக்க முடியாது. "பரவாயில்லை, விட்டுவிட்டேன்" என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் அடுத்த கல்யாண வீட்டில் பத்திரிகையில் பெயர் விடுபட்டதற்காக வெடித்துவிடுவார்கள்.

தாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில், கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. அடுத்து, அவர் மனதில் இதுதான் இருந்திருக்கும் என்று நீங்களாக ஊகித்தது. மூன்றாவது, மற்றவர்கள் வந்து சொன்னது. எழுதி முடித்ததும் எந்தப் பகுதி நீளமாக இருக்கிறது என்று பாருங்கள். பல குடும்பங்களில் மூன்றாவதுதான் நீளமாக இருக்கும். அதற்காக உங்கள் தம்பியை மன்னிக்கவேண்டியதே இல்லை, நடந்ததா என்று அவரிடம் கேட்டால் போதும். ஊகித்ததை ஆண்டவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். மன்னிக்கவேண்டியது முதல் பகுதி.

அதற்கான ஜெபம் நீளமாக இருக்கத் தேவையில்லை. "ஆண்டவரே, என் தம்பி இந்த நாளில் இதைச் செய்தான். எனக்கு இவ்வளவு நஷ்டம், இவ்வளவு அவமானம். இந்தக் கடனை உம்முடைய கையில் கொடுக்கிறேன். அவனிடம் பழிவாங்கும் உரிமையை விட்டுவிடுகிறேன்." ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக இதைச் சொல்லுங்கள். பிறகு லூக்கா 6:28-ன்படி அவருக்காக ஆசீர்வாதம் கேளுங்கள். பொதுவாக "அவனை ஆசீர்வதியும்" என்று முடித்துவிடாமல், அவர் மகளின் பரீட்சை, அவர் சர்க்கரை வியாதி, அவர் கடை வியாபாரம் என்று குறிப்பாகக் கேளுங்கள். முதல் சில நாள் நாக்கு எழாது. அதற்காக விட்டுவிடாமல், தினமும் அதே நேரத்தில் இரண்டு நிமிஷம் செய்தால் போதும்.

ஒரு வாரம் நன்றாகப் போய், திடீரென்று ஒருநாள் பழைய கோபம் முழு வேகத்தில் திரும்பும். தெருவில் அவர் புது வண்டியைப் பார்த்ததே போதும். அப்போது "நான் மன்னிக்கவே இல்லை போலிருக்கிறது" என்று சோர்ந்துபோகாதீர்கள். எத்தனை தரம் மன்னிக்கவேண்டும் என்று பேதுரு கேட்டதற்கு ஏழெழுபது தரமட்டும் என்றார் இயேசு. ஒரே காயம் ஏழெழுபது தரம் நினைவுக்கு வரும்போதும் அந்தக் கணக்கு பொருந்தும்.

போய்ப் பார்ப்பது

இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது.

தனியாகப் போங்கள். "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்பது மத்தேயு 18:15-ன் வார்த்தை. மனைவி, மைத்துனர், ஆயர் யாரும் முதல் தடவை வேண்டாம். ஆள் சேர்த்துக்கொண்டு போனால் பஞ்சாயத்து பேச வந்ததாகவே அவர் எடுத்துக்கொள்வார்.

வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்பாதீர்கள், குரல் பதிவும் வேண்டாம். இரண்டும் அரை மணி நேரத்தில் குடும்பக் குழுவுக்குப் போய்விடும், அங்கே ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒருவர் பொழிப்புரை சொல்வார். போனில் ஒரே விஷயம்: "அண்ணா, உன்கிட்ட ஒரு பத்து நிமிஷம் பேசணும். பணம் கேக்க இல்ல, சண்ட போட இல்ல. எப்ப வரட்டும்?" அந்த இரண்டாவது வாக்கியம் முக்கியம், முதலில் அந்தப் பயம்தான் அவருக்கு வரும்.

நாள் பார்த்துப் போங்கள். கிறிஸ்துமஸ், கல்யாணம், அடக்கம், ஞானஸ்நானம் என்று வீடு நிறைய ஆள் இருக்கும் நாள் வேண்டாம். தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து தூங்கும் நேரம் வேண்டாம். குடித்திருந்தால் பேச ஆரம்பிக்கவே வேண்டாம். கோடையில் வேலூர் வெயிலில் மத்தியானம் யாருக்குமே பொறுமை இருக்காது, அதனால் மாலை ஆறு மணிக்குமேல் நல்லது. அவர் வீட்டுத் திண்ணை, ஆலய வளாகம், கோட்டை முன்னால் இருக்கும் பூங்கா என்று இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக்கூடிய இடமாகப் பாருங்கள். முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் விசாரணைபோல ஆகிவிடும். கடைத்தெரு டீக்கடை ஆகாது, தெரிந்த முகம் ஒன்று வந்து உட்கார்ந்துவிடும். கையில் கொஞ்சம் பழம் கொண்டுபோகலாம். முதல் சந்திப்பில் பணக்கவர் கொடுத்தால் வாயை அடைக்க வந்ததாகத் தெரியும்.

உட்கார்ந்ததும் சுற்றிவளைக்காமல் நோட்டில் எழுதிய உங்கள் பங்கைச் சொல்லுங்கள். "அண்ணா, அப்பா அடக்கத்தன்னிக்கு எல்லார் முன்னாலயும் உன்ன திருடன்னு சொல்லிட்டேன். அது பொய், அது தப்பு. உன் புள்ளைங்க முன்னால உனக்கு அவமானமாச்சு. என்ன மன்னிச்சிடு." என்ன செய்தேன், அதனால் அவருக்கு என்ன ஆனது, மன்னிப்பு வேண்டும் என்ற மூன்றும் வந்தால் போதும். அங்கேயே நிறுத்துங்கள். "ஆனா நீயும் அன்னிக்கு..." என்று தொடங்கினால் அதுவரை சொன்னது எல்லாம் வீண். "உனக்கு வருத்தமா இருந்திருந்தா மன்னிச்சிடு" என்பதும் வேண்டாம். வருத்தப்பட்டது அவர் குறை என்று அதற்குள் ஒளிந்திருக்கிறது. வேதவசனத்தை அப்போது எடுக்காதீர்கள். "பைபிள்ல மன்னிக்கச் சொல்லியிருக்கு இல்ல" என்று சொன்னால், மன்னிப்பு கேட்க வந்தவர் கட்டளை போடுகிறவர் ஆகிவிடுகிறார்.

அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். வருஷக்கணக்காக அடக்கிவைத்தது வெளியே வருகிறது. பேசாமல் இருந்தால், "இப்பவே பதில் சொல்லவேண்டாம்ணா" என்று எழுந்துவிடுங்கள். இருபது நிமிஷத்துக்குமேல் உட்காரவேண்டாம், அதற்குமேல் பேச்சு பழைய கணக்குக்குள் வழுக்கும். அவர் உங்களுக்குச் செய்த தப்பை அன்றைக்கே எடுப்பது தேவையில்லை, பெரும்பாலும் அவரே எடுப்பார். எடுக்காவிட்டால் சில வாரம் கழித்து, முதல் பகுதியில் எழுதியதை மட்டும், அதேபோலத் தனியாகக் கேட்கலாம்.

இரண்டு மூன்று தடவை முயன்றும் கதவு திறக்கவில்லையென்றால் மத்தேயு 18:16-ன்படி ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். யாரை என்பதில் ஜாக்கிரதை. ஆயர் நல்லவர்தான், ஆனால் சபைத் தேர்தலில் அவர் ஒரு பக்கம் என்று உங்கள் அண்ணன் நினைத்தால் அவர் வேண்டாம். இருவரையும் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்த அத்தையோ பெரியம்மாவோ பல நேரம் இதற்குப் பொருத்தம்.

நிலமும் பணமும்

மனம் திரும்பினேன் என்று சொல்லிவிட்டுப் பொருளைத் திரும்பக் கொடுக்காதவரை அந்த மன்னிப்பு காற்றில் நிற்கும். வரி வசூலித்த சகேயு, இயேசு வீட்டுக்கு வந்ததும் பாட்டு பாடி முடிக்கவில்லை, நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்று தொகை சொன்னான். லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. 60,000 ரூபாய் கைமாற்று வாங்கித் திரும்பக் கொடுக்காமல் இருந்தால், 12,000 சேர்த்து 72,000. ஒரே மூச்சில் முடியாவிட்டால் மாதம் 3,000 என்று 24 மாதம். தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, வங்கிக் கணக்கு மூலமாகக் கொடுங்கள். கையில் கொடுத்தால் ஒரு வருஷம் கழித்து எத்தனை தவணை முடிந்தது என்பதே புதுச் சண்டையாகும்.

நிலத்தில் அதிகம் காயப்படுகிறவர்கள் சகோதரிகள். "கல்யாணத்துக்குச் செய்துவிட்டோமே" என்று சொல்லி பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வது நம் குடும்பங்களில் சாதாரணமாக நடக்கிறது. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்துக்கு 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்று வித்தியாசம் இல்லை. விவரம் தெரியாமலோ வற்புறுத்தலிலோ தங்கை கையெழுத்துப் போட்டிருந்தால், திருவிருந்துக்கு முன் அவளிடம்தான் முதலில் போகவேண்டும். வாய்ப்பேச்சாகத் தருகிறேன் என்று சொல்லி நிறுத்தாமல், பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொடுங்கள். வழக்கு ஏற்கெனவே நடந்தால், இலவச சட்ட உதவிக்கு 15100 எண் இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்ளலாம்.

போகக் கூடாத வீடு

அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போவது மன்னிப்பின் பகுதி அல்ல. "ஏழெழுபது தரம்" என்ற வசனத்தைச் சொல்லி ஒரு பெண்ணை அடிவாங்க அனுப்புகிறவர் அந்த வசனத்துக்கே துரோகம் செய்கிறார். உள்ளத்தில் பழியை விட்டுவிடலாம், வீட்டுக்குள் போகவேண்டியதில்லை. பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ம் ஆண்டுச் சட்டம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் உண்டு. குழந்தைமேல் பாலியல் கொடுமை நடந்திருந்தால் சபைக்குள் பேசி முடிப்பது பாவம் மட்டுமல்ல, குற்றமும்கூட. 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆகவேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098.

மற்ற உறவுகளிலும் மன்னிப்பும் நம்பிக்கையும் ஒரே நாளில் வரவேண்டும் என்றில்லை. யோசேப்பு தன்னை விற்றுப்போட்ட சகோதரர்களைக் கண்ட உடனே கட்டிப்பிடிக்கவில்லை. பென்யமீனுக்குப் பதிலாகத் தானே அடிமையாக இருக்கிறேன் என்று யூதா சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். மன்னித்த தம்பிக்கு மறுபடி ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டிய கட்டாயம் இல்லை.

இரவில் மனது ஓடும்போது

முயற்சி செய்துகொண்டிருக்கும் நாட்களில் தூக்கம் கெடும். பிலிப்பியர் 4:6-7-ல் சமாதானத்துக்கு முன் மூன்று வேலை இருக்கிறது: விண்ணப்பம், வேண்டுதல், ஸ்தோத்திரம். படுக்கப் போகும் முன் பத்து நிமிஷம் ஒதுக்கி, கவலையை ஒரு வரியாக எழுதுங்கள். அதில் நாளை நீங்கள் செய்யவேண்டியது ஏதாவது இருந்தால் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மீதியைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். பிறகு அன்றைக்குக் கிடைத்த நன்மைகளில் மூன்றுக்கு ஸ்தோத்திரம். அம்மா இன்று மாத்திரையை அடம்பிடிக்காமல் போட்டுக்கொண்டார்கள் என்பதும் ஒரு நன்மைதான். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்குமேல் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் அது விசுவாசக் குறைவு அல்ல. ஜெபத்தோடு வைத்தியமும் வேண்டும். மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யலாம். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையம் இருக்கிறது. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த ஞாயிறு

ஆலயத்தில் சமாதானம் கொடுக்கும் நேரம் வரும்போது அவர் இருக்கும் வரிசைக்குப் போங்கள். நம் சபையின் முறை, வலது உள்ளங்கையை எதிரில் இருப்பவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து, இருவரும் இடது கையால் மற்றவர் கையைப் பொதிந்துகொள்வது. பல சபைகளில் இன்று தூரத்திலிருந்து கைகூப்புவதோடு முடிந்துவிடுகிறது. கைகூப்பினால் பிடிக்காதவர் பக்கம் திரும்பாமலே தப்பித்துவிடலாம், கையைப் பிடிக்க எழுந்து போயே ஆகவேண்டும். அதனால் பழைய முறையே நல்லது.

அவர் இன்னும் கை நீட்டவில்லையென்றாலும் நீங்கள் பந்திக்குப் போகலாம். "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று ரோமர் 12:18 ஒரு எல்லை போட்டிருக்கிறது. உங்களால் ஆனதைச் செய்துவிட்டீர்கள். பிறகு தொடர்பை சின்னச் சின்னதாக வைத்திருங்கள்: பிறந்தநாளுக்கு ஒரு போன், உடம்பு சரியில்லாதபோது ஒரு நடை, பிள்ளைகளைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்புவது. பெரிய விருந்து வைத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் சரிசெய்யப் பார்த்தால் பந்தியிலேயே அடுத்த மனஸ்தாபம் பிறக்கும்.

நீங்கள் போவதற்குள் அவர் இறந்துபோயிருந்தால், உங்கள் பங்கை ஆண்டவரிடம் அறிக்கையிட்டுவிட்டு அவர் மனைவி பிள்ளைகளிடம் போங்கள். சொல்லவேண்டிய மன்னிப்பை அவர்களிடம் சொல்லுங்கள், தரவேண்டிய பணத்தை அவர்களிடம் கொடுங்கள். எண்ணாகமம் 5:7-8 இதையும் யோசித்திருக்கிறது: வாங்கிக்கொள்ள உறவினரும் இல்லாதபோது, ஐந்தில் ஒரு பங்கு கூட்டிய அந்தத் தொகை கர்த்தருக்குச் செல்லும். உங்கள் சபையில் விதவைகளுக்கோ படிப்புக்கோ உதவி நிதி இருந்தால் அதில் அவர் பெயரில் கட்டி, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.